மூன்றாம் கிழமைக் கழிச்சல்: குஞ்சின் குடலுக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி: கைதடியில் ஊர்க்கோழி வளர்க்கிறேன். இன்குபேற்றரில் வைத்து 48 குஞ்சு எடுத்தேன். நோய் வராமல் இருக்கட்டும் என்று முதல் நாளில் இருந்தே ஐந்து நாள் தண்ணீரில் அன்ரிபயோற்றிக் பவுடர் கலந்து கொடுத்தேன். மூன்றாம் கிழமை கழிச்சல் தொடங்கி 17 குஞ்சு செத்துப் போனது. அதே வளவில் அடைக்கோழி பொரித்த 11 குஞ்சில் ஒன்றைக் காகம் தூக்கியது, மற்றதெல்லாம் ஓடித் திரிகிறது. பெரிய கோழியின் எச்சத்தைக் கரைத்துக் குஞ்சுக்குக் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து வளவு அப்பு. செய்யலாமா?

பதில்: முதலில் ஒரு வேலை. இன்னும் கழிச்சல் நிற்கவில்லை என்றால், புதிதாகச் செத்த குஞ்சு ஒன்றைப் பொலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, இன்றைக்கே உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். மூன்றாம் கிழமை என்றதும் எனக்கு வரும் முதல் சந்தேகம் இரத்தக் கழிச்சல், அதாவது கொக்சிடியோசிஸ். எச்சத்தில் இரத்தம் தெரியாமலும் அது இருக்கும். அதைக் கொண்டுவருவது கொக்சிடியா என்ற ஒட்டுண்ணி என்பதால் மருந்தும் வேறு. பார்க்காமல் இன்னொரு பவுடர் வாங்கிக் கலக்க வேண்டாம்.

சரி, ஒரே வளவு, ஒரே தண்ணீர். இன்குபேற்றர் குஞ்சுகள் மட்டும் ஏன் செத்தன?

முட்டையை விட்டு வரும்போது குஞ்சின் குடல் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். சில மணி நேரத்துக்குள் சுற்றி இருக்கும் கிருமிகள் அங்கே குடியேறிவிடும். தாயின் கூட்டில் பொரித்த குஞ்சுக்கு முட்டை ஓட்டில் இருந்தும், தாயின் இறகில் இருந்தும், அது கிளறிய மண்ணில் இருந்தும் நல்ல பக்டீரியாக்கள் கிடைக்கின்றன. இன்குபேற்றர் குஞ்சுக்கு அந்தச் சொத்து இல்லை. கிடைத்த கொஞ்சத்தையும் உங்கள் ஐந்து நாள் பவுடர் அழித்திருக்கும். பிள்ளையைப் போலக் கவனமாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் இழப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நல்ல பக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு நிற்பதில்லை. குடலின் எதிர்ப்புச் சக்தியை வளர்த்துவிடுவதே அவைதான். கிருமியே இல்லாத கூட்டில் வளர்த்த எலிகளைப் பார்த்தால், குடற்சுவரில் உள்ள எதிர்ப்புத் திட்டுகள் சிறுத்துப் போயிருக்கும். கிருமியைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் ஒட்டவிடாமல் வைத்திருக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதமும் மிகக் குறைவாகவே சுரக்கும். கோழியில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். எச்சவாசலுக்கு மேல் பக்கத்தில் பர்சா என்று ஒரு சிறு பை இருக்கிறது. எதிர்ப்புப் புரதம் செய்யும் செல்கள் அங்கேதான் முதிர்கின்றன. மனிதரிலும் அந்தச் செல்லைப் பி செல் என்கிறோமே, அந்த 'பி' இந்தப் பர்சாவின் முதல் எழுத்துத்தான். குடலில் இருப்பவை எச்சவாசல் வழியாக அந்தப் பைக்குள் இழுபட்டுப் போகும். அந்தச் செல்கள் வளர்ந்து முதிர அதுவும் உதவுகிறது. கம்பரோ என்ற வைரஸ் நோய்க்கு இவ்வளவு பயப்படுவதும் அது இந்தப் பையையே தாக்கி அழிப்பதால்தான்.

மூன்றாம் கிழமைக்கு வருவோம். தாய் மஞ்சள் கரு வழியாகக் கொடுத்த எதிர்ப்பு இரண்டு மூன்று கிழமையில் தேய்ந்துவிடும். அதற்குள் குஞ்சு தன் சொந்தச் சக்தியைக் கட்டியிருக்க வேண்டும். வளவில் திரியும் குஞ்சு கொக்சிடியாவையும் நாளுக்குக் கொஞ்சமாகக் கொத்தி விழுங்கிப் பழகிவிடுகிறது. ஈர உமியில் நெருக்கமாக அடைத்து வைத்த குஞ்சோ பழக முன்னரே பெருந்தொகையாக விழுங்குகிறது.

அப்பு சொன்னதில் ஆழமான உண்மை இருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த நூர்மி, ரன்தலா என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் இதைத்தான் எழுதினார்கள். பெரிய கோழியின் குடலில் இருந்து எடுத்ததை ஓரிரு நாள் குஞ்சுகளுக்குக் கொடுத்து, பிறகு சல்மனெல்லாக் கிருமியை ஊட்டியபோது பெரும்பாலான குஞ்சுகளில் அது தங்கவில்லை. ஆனாலும் வளவுக் கோழியின் எச்சத்தைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அதில் சல்மனெல்லா, புழு முட்டை, கொக்சிடியா எல்லாமே இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. இதற்கென்று பரிசோதித்துத் தயாரித்த கோழிப் புரோபயோற்றிக் (நல்ல பக்டீரியா அடங்கிய தயாரிப்பு) கிடைக்குமா என்று கால்நடை வைத்தியரைக் கேளுங்கள். தயிர் கொஞ்சம் தீவனத்தில் பிசைந்து வைத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அந்தப் பக்டீரியா குஞ்சின் குடலில் நிலைத்துத் தங்குவது அரிது, அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அடுத்த ஈடு வைக்கும்போது, வைத்தியர் சொன்னால் ஒழிய முதல் கிழமையில் அன்ரிபயோற்றிக் வேண்டாம். குஞ்சு காய்ந்தவுடன் தீவனமும் தண்ணீரும் வையுங்கள். இரை போனால்தான் குடலும் பக்டீரியாவும் வளரும். முதல் கிழமை 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைத்து வாருங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி உமி நனைந்தால் அன்றைக்கே அள்ளுங்கள். மாரியில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. அப்புறம், ரணிகெட் (இதுவும் கோழிக்கு வரும் வைரஸ் நோய்), கம்பரோ தடுப்பு மருந்துகளைத் தண்ணீரில் கொடுப்பதாக இருந்தால், குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணீரில் கலக்காதீர்கள். மருந்து செத்துவிடும்.

முடியுமானால் இன்குபேற்றரில் முட்டை வைக்கும் அதே நாளில் ஓர் அடைக்கோழியையும் வையுங்கள். அது பொரித்த அன்றிரவு, வெளிச்சம் போடாமல், இன்குபேற்றர் குஞ்சுகளில் சிலதை அதன் செட்டைக்குள் விடுங்கள். அதன் சொந்தக் குஞ்சோடு சேர்த்துப் பன்னிரண்டு, பதினைந்து வரை தாங்கும். கழிச்சலோ பேனோ உள்ள கோழி இதற்குச் சரிவராது. விடியவே போய், புதுக் குஞ்சைக் கொத்துகிறதா என்று பாருங்கள். கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள்.