சூடான இன்ஜெக்‌ஷன் விமான இன்ஜினை ஸ்டார்ட் செய்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: காலையில் தொட்டதும் பிடிக்கிற இன்ஜின், பறந்து வந்து அரை மணி நேரம் நிறுத்தியபின் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

பதில்: பறக்கும்போது கவுலிங்குக்குள் (இன்ஜின் மூடிக்குள்) புகும் காற்று சூட்டை இழுத்துப் போய்விடும். நிறுத்தியதும் காற்றோட்டம் இல்லை. சிலிண்டர் தலைகளின் சூடு மேலே எழும்பி அங்கேயே அடைபடுகிறது. லைகமிங் நிறுவன இன்ஜின்களில் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ஃப்ளோ டிவைடர் இருப்பதும் அந்த உச்சியில்தான். அதிலிருந்து நாசிலுக்கு (பெட்ரோலைத் தெளிக்கும் முனைக்கு) போகிற 1/8 அங்குல எஃகுக் குழாய்களில் நிற்கும் பெட்ரோல் கொதிக்கும். கொஞ்சம் நாசில் வழியே இன்டேக்குக்குள் (சிலிண்டருக்குக் காற்று போகும் வழிக்குள்) தள்ளப்படும், மிச்ச இடத்தை ஆவி பிடித்துக்கொள்ளும். ஆக, சிலிண்டர் பக்கம் பெட்ரோல் கூடுதல், குழாயிலோ பெட்ரோலே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில். ஹாட் ஸ்டார்ட் குழப்பம் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நிறுத்திய 20 முதல் 40 நிமிடம் வரை நிலைமை மோசம். மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்து நிறுத்தி, ஆயில் மூடிக் கதவைத் திறந்து விட்டால் நன்றாகவே பலன் தெரியும்.

கேள்வி: லைகமிங் இன்ஜின் உள்ள செஸ்னா 172எஸ் ஓட்டுகிறேன். படிப்படியாகச் சொல்லுங்கள் சார்.

பதில்: பிரைம் (ஸ்டார்ட்டுக்கு முன் பெட்ரோல் ஊட்டுவது) வேண்டாம், உள்ளே ஏற்கெனவே பெட்ரோல் இருக்கிறது. மிக்ஸ்சர் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துவது) ஐடில் கட்-ஆஃப், அதாவது பெட்ரோலை முழுவதும் அடைக்கும் நிலை; த்ராட்டில் கால் அங்குலம் திறந்து, பூஸ்ட் பம்ப் (மின்சார உதவி பம்ப்) ஆஃப். ஸ்டார்ட்டரைப் பிடியுங்கள். இன்ஜின் பற்றியதும் மிக்ஸ்சரைச் சீராக முழு ரிச்சுக்கு (பெட்ரோல் அதிகபட்சம் போகும் நிலைக்கு) தள்ளுங்கள். பலர் தவறுவது இந்தக் கட்டத்தில்: பற்றுவதற்கு முன்பே தள்ளினால் இன்ஜின் பெட்ரோலில் மூழ்கிவிடும், தயங்கினால் மிச்சமிருந்த பெட்ரோல் எரிந்து முடிந்து அணைந்துவிடும். அதனால் ஒரு கை சாவியில் இருக்கும்போதே மறு கை மிக்ஸ்சரில் தயாராக இருக்கட்டும்.

ஓடத் தொடங்கி இரண்டு மூன்று நொடியில் தடுமாறினால் குழாயில் ஆவி என்று அர்த்தம். பூஸ்ட் பம்பைப் போட்டு, ஃப்யூயல் ஃப்ளோ முள் நிலைத்ததும் அணையுங்கள். 30 நொடிக்குள் ஆயில் பிரஷர் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: மிக்ஸ்சரை கட்-ஆஃபில் வைத்து பூஸ்ட் பம்பை ஒரு நிமிடம் ஓடவிட்டால் போதும் என்கிறார்களே?

பதில்: அது கான்டினென்டல் நிறுவன இன்ஜின்களுக்கான வைத்தியம். ஐஓ-520, ஐஓ-550 போன்றவற்றில் இன்ஜின் பம்பிலிருந்து டாங்குக்குத் திரும்பும் லைன் உண்டு. 30 முதல் 60 நொடி பம்ப் ஓடினால் குளிர்ந்த பெட்ரோல் சுற்றிவந்து, ஆவியை டாங்குக்கு விரட்டி, பம்பையும் குளிர வைக்கும். மிக்ஸ்சர் முழுவதும் கட்-ஆஃபில் இருப்பது கட்டாயம். சற்று முன்னால் இருந்தாலும் சிலிண்டருக்குள் கொட்டும். த்ராட்டில் நிலை விமானத்துக்கு விமானம் மாறுவதால் கையேட்டைப் பாருங்கள். பெண்டிக்ஸ் ஆர்எஸ்ஏ என்ற பெட்ரோல் தெளிப்புக் கருவி பொருத்திய லைகமிங்கில் வழக்கமாக அந்தத் திரும்பு லைன் இல்லை, எனவே அங்கே இது உதவாது.

கேள்வி: மூழ்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? என்ன செய்வது?

பதில்: பெட்ரோல் வாடை தூக்கும், கவுலிங் அடியில் சொட்டும். பம்ப் ஆஃப், மிக்ஸ்சர் கட்-ஆஃப், த்ராட்டில் முழுவதும் திறந்து சுழற்றுங்கள். பற்றியவுடன் த்ராட்டிலை இழுத்துவிட்டு மிக்ஸ்சரைத் தள்ளுங்கள். த்ராட்டிலை இழுக்கத் தாமதித்தால் ஆர்பிஎம் சீறி ஏறும், அதனால் பிரேக் இறுகப் பிடித்திருக்க வேண்டும். இன்டேக்கில் தீ பிடித்தால் சுழற்றுவதை நிறுத்தாதீர்கள், தீயை இன்ஜின் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போதும் அணையாவிட்டால் ஃப்யூயல் வால்வை மூடிவிட்டு வெளியேறுங்கள்.

கேள்வி: ஸ்டார்ட்டரை எவ்வளவு நேரம் சுழற்றலாம்?

பதில்: 172எஸ்ஸில் 10 நொடி சுழற்றி 20 நொடி ஓய்வு. அப்படி மூன்று முறை, பிறகு 10 நிமிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கார் பெட்ரோல் அனுமதிக்கப்பட்ட இன்ஜினில் தொல்லை கூடுமா?

பதில்: கூடும். ஏவ்கேஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலின் ஆவி அழுத்தம் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. கார் பெட்ரோல் பெரும்பாலும் அதைத் தாண்டும், சீக்கிரமே ஆவியாகும்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும், சூடாக இருக்கும்போது மட்டும் பிடிக்கவில்லையே?

பதில்: பெட்ரோலை விட்டுவிட்டு மேக்னெட்டோவை (பொறிக்கு மின்சாரம் தரும் கருவியை) பாருங்கள். காயிலின் காப்பு பழுதானால் குளிரில் நன்றாக வேலை செய்யும், சூட்டில் பொறி பலவீனமாகும். ஸ்டார்ட்டின்போது பொறியை வலுவாக்கும் இம்பல்ஸ் கப்ளிங் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். கையால் புரொப்பெல்லரை மெல்லத் திருப்பினால் அதன் 'டக்' சத்தம் கேட்க வேண்டும். ஆனால் சூடான இன்ஜினில் இதைச் சோதிக்காதீர்கள், ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோவை அணைக்கும் பி-லீட் கம்பி அறுந்திருந்தால் பற்றிவிடும். மெக்கானிக்கிடம் விடுங்கள்.