கார்டில் எழுதிய இமேஜ் ஏன் பூட் ஆகவில்லை?

கேள்வி: பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் போர்டுக்காக, லினக்ஸ் உருவாக்கும் கருவியான யோக்டோவில் உருவாக்கிய விக் இமேஜை, தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் எஸ்டி கார்டில் எழுதினேன். இலக்காக /டெவ்/எஸ்டிபி1 என்று கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் போர்டு பூட் ஆகாமல், சீரியல் கன்சோலில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. போர்டிலேயே உள்ள சேமிப்பகமான இஎம்எம்சியை முன்பே அழித்துவிட்டேன். கார்டு பழுதாகிவிட்டதா?

பதில்: கார்டின் மேல் பழி போட வேண்டாம், கட்டளையில் நீங்கள் கொடுத்த அந்த ‘1’தான் காரணம். விக் இமேஜ் ஒரு பார்டிஷனின் (வட்டின் ஒரு பிரிவின்) பிரதி அன்று. முதல் செக்டாரில் பார்டிஷன் அட்டவணை, அதன்பின் பூட் பார்டிஷன், அதையடுத்து ரூட் பார்டிஷன் என ஒரு முழு வட்டின் பிரதி. அதை எஸ்டிபி என்ற முழுக் கார்டின் மீது எழுதாமல் அதன் முதல் பார்டிஷனுக்குள் எழுதியதால், கார்டின் தொடக்கத்தில் பழைய அட்டவணை அப்படியே இருக்கிறது. புதிய அட்டவணையோ உள்ளே, யாரும் தேடாத இடத்தில் கிடக்கிறது.

இந்தப் போர்டில் உள்ள ஏஎம்335எக்ஸ் சிப்பில் நிரந்தரமாகப் பதிந்து, முதலில் ஓடும் ரோம் நிரல், கார்டின் தொடக்கத்திலும் 128, 256, 384 கிலோபைட் தொலைவுகளிலும் பூட் நிரலை அடையாளம் காட்டும் பூட் தலைப்பு உள்ளதா என்று பார்க்கும். இல்லையென்றால் பார்டிஷன் அட்டவணையைப் படித்து, ஃபேட் என்ற கோப்பு முறையில் அமைந்த பார்டிஷனில், முதல்கட்ட பூட் நிரலான எம்எல்ஓ என்ற கோப்பைத் தேடும். உங்கள் கார்டில் பழைய அட்டவணை காட்டும் இடத்தில் ஃபேட் இல்லை, இன்னொரு அட்டவணைதான் இருக்கிறது. இஎம்எம்சியும் காலி, கார்டும் கைவிட்டது என்ற நிலையில் ரோம் நிரல் சீரியல் வழிக்குத் திரும்பி, சீரியல் இணைப்பில் கோப்பு அனுப்பும் எக்ஸ்மோடம் முறையில் யாராவது நிரலை அனுப்புவார்களா என்று கேட்கிறது. நீங்கள் பார்த்த ‘சி’ வரிசை அந்தக் கேள்விதான். சிப் நன்றாகவே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

வேறு சிப்களில் இந்தத் தவறு இன்னும் மறைவாக நிகழும். ஆல்வின்னர் சிப் 8 கிலோபைட் தொலைவிலும், ராக்சிப் 64ஆம் செக்டாரிலும் பூட் நிரலைத் தேடுகின்றன. வழக்கமாகப் பிரிக்கப்பட்ட கார்டில் இவை எந்தப் பார்டிஷனுக்குள்ளும் அடங்காத இடங்கள். இமேஜ் கோப்பைக் கோப்பு மேலாளரில் இழுத்துப் போட்டுக் கார்டில் நகலெடுப்பதால் பயனில்லை என்பதும் இதனால்தான்.

மீண்டும் எழுதும் முன், கார்டைச் செருகுவதற்கு முன்னும் பின்னும் வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிளாக் கட்டளையை ஓட்டி, புதிதாகத் தோன்றும் பெயரையும் அதன் கொள்ளளவையும் பாருங்கள். ஓர் எழுத்து மாறி எஸ்டிஏ என்று அடித்தால், பல கணினிகளில் அழிவது உங்கள் சொந்த வட்டு. தானாக மவுண்ட் ஆன பார்டிஷன்களை அன்மவுண்ட் செய்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: டிடி சில நொடிகளில் முடிந்துவிட்டது. கார்டை உடனே உருவினால் ரூட் பார்டிஷனில் பிழை வருகிறது. வேகமாகவும் பாதுகாப்பாகவும் எழுத வழி உண்டா?

பதில்: சில நொடிகளில் முடிந்தது கணினியின் நினைவகத்துக்குப் போன நகல்தான், கார்டுக்குள் எழுதும் வேலையை லினக்ஸின் மைய நிரலான கெர்னல் அதன்பிறகும் தொடர்ந்துகொண்டிருந்தது. கட்டளையில் கான்வ்=எஃப்சிங்க் என்று சேர்த்தால், எல்லாம் கார்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே டிடி முடியும்.

வேகத்துக்கு, இமேஜ் எழுதும் கருவியான பிமேப்டூல் சிறந்தது, என் கைப்பழக்கமும் அதுவே. இமேஜுடன் வரும் பிமேப் கோப்பு, எந்த பிளாக்குகளில் உண்மையான தரவு உள்ளது என்பதைப் பட்டியலிடுகிறது. 2 ஜிகாபைட் இமேஜில் 400 மெகாபைட்டே தரவு என்றால், அந்த 400 மட்டுமே எழுதப்படும். இமேஜ் கோப்பு சேதமடைந்திருந்தால், பிமேப் கோப்பிலுள்ள செக்சம் (சரிபார்ப்பு எண்) காட்டிக்கொடுத்துவிடும்.

டிடியால் எழுதியதைச் சரிபார்க்க வேண்டுமானால், கார்டைக் கழற்றி மீண்டும் செருகிய பிறகு, இமேஜின் அளவு வரை மட்டும் சிஎம்பி கட்டளையால் ஒப்பிடுங்கள். கழற்றாமல் ஒப்பிட்டால் நினைவகத்திலுள்ள நகலையே படித்துப் பார்க்க நேரலாம். பிமேப்டூலால் எழுதிய கார்டுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, ஏனெனில் அது தாண்டிச் சென்ற பிளாக்குகளில் கார்டின் பழைய தரவு அப்படியே இருக்கும்.