ஆயுதம் எடுக்காமல் ஒரு போரை நிறுத்த முடியுமா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில், உள்நாட்டுப் போரின்போது நடந்ததைப் பாருங்கள். 2003-இல் தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தைப் பக்கம் கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்கள் வெள்ளை உடையில், வெயில் மழை பாராமல் உட்கார்ந்தார்கள். கோரிக்கை ஒன்றுதான்: போரை நிறுத்து. யார் ஆள்வது என்ற பேச்சுக்கே போகவில்லை. அதுதான் அவர்கள் பலம் என்பேன்.

கானாவின் அக்ராவில் அரசும் கிளர்ச்சிக் குழுக்களும் நடத்திய பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. (தலைவர்களுக்கென்ன, ஓட்டல் வாசம்!) பொறுமையிழந்த பெண்கள் மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்து மறித்தார்கள். அவர்களின் தலைவி லேமா குபோவீயைக் கைதுசெய்யக் காவலர்கள் வந்ததும், உடையைக் களைந்துவிடுவேன் என்றார் அவர். தாயானவள் அப்படிச் செய்வது அங்கே பெரும் சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 18 அன்று உடன்பாடு கையெழுத்தானது.

லைபீரியாவின் அப்போதைய அதிபர் சார்லஸ் டெய்லர் மீதான போர்க்குற்ற வழக்கும் அண்டை நாடுகளின் அழுத்தமும் கூடவே இருந்தன. மறியல் மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.