குடிசாரா, நீர்வளமா?

கேள்வி: பொறியியல் முதலாம் வருடம் முடிந்துவிட்டது. தண்ணீர் சம்பந்தமான வேலைதான் விருப்பம். அப்பா குடிசார் (சிவில்) பொறியியலை எடுக்கச் சொல்கிறார், மாமா வெளிநாட்டில் நீர்வளப் பொறியியல் என்றே தனிப் பட்டம் இருக்கிறது, அதற்குப் போ என்கிறார். எதை எடுப்பது?
– களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: தம்பி, நான் அப்பா பக்கம். நீர்வளம் குடிசார் பொறியியலுக்குள்ளேயே இருக்கிற ஒரு கிளை, நீரியலும் நீர்ப்பாசனமும் எப்படியும் உங்களுக்கு வரும், விருப்பப் பாடங்களையும் கடைசி வருட ஆய்வையும் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். மாரியில் மட்டக்களப்பு உன்னிச்சைக் குளக்கட்டின் வெளிப்பக்கம் ஒருக்கா நடந்து பாருங்கள். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, கலங்கி வந்தால் கட்டுக்குள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம், அதைக் கணக்குப் போட மண் பொறிமுறைப் பாடம் வேணும். மிஞ்சிய தண்ணீரைத் திறந்துவிடும் வான்கதவு தாங்குமா என்பது கட்டமைப்புப் பாடம். தண்ணீரை மட்டும் படித்தவர் அங்கே பாதியில் நிற்பார், அதுதான் என் கவலை.

வேலையும் அப்படித்தான். குடிசார் பட்டத்தோடு நீர்ப்பாசனத் திணைக்களம், நீர்வழங்கல் சபை, வீதி, பாலம் என்று எந்தப் பக்கமும் விண்ணப்பிக்கலாம்.

சரி, மாமா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. வெள்ளம் வந்தால், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுவது, வாவி எவ்வளவு வற்றும் என்பதெல்லாம் ஆழமாகப் படிக்கவேண்டிய கேள்விகள். அதை முதுமாணியில் படியுங்கள், அப்போது வெளிநாடும் போகலாம்.