சீனா ஏன் தளர்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 5 சதவீத வளர்ச்சியைப் போய் மந்தம் என்கிறார்களே! சீனா நிஜமாகவே கவிழப் போகிறதா?

கவிழாது. 2007-ல் 14 சதவீதத்தைத் தொட்ட வளர்ச்சி 2024-ல் 5 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. ஓரளவு வசதி வந்தபின் வேகம் குறைவது இயல்பு; ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் அதுதான் நடந்தது. என் கவலை வேறு. சீனாவில் குடும்பங்கள் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் சுமார் 40 சதவீதம்தான். இந்தியாவில் அது 60-ஐ ஒட்டி இருக்கிறது. உற்பத்தி செய்யும் கைக்கு வாங்கும் தெம்பு இல்லை. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு இதுவே பதில்.

கேள்வி: எவர்கிராண்டே என்ற ஒரு வீடு கட்டும் கம்பெனி விழுந்ததற்கு நாடே ஆடுமா?

அங்கே வீடு விற்ற விதத்தைப் பார்த்தால் புரியும். அஸ்திவாரத்தைத் தாண்டாத கட்டடத்துக்கே முன்பணம் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, மொத்தத்தையும் பில்டரிடம் கொடுத்துவிடுவார்கள். மாதத் தவணை உடனே ஓட ஆரம்பித்துவிடும். பில்டர் அந்தப் பணத்தில் அடுத்த ஊரில் நிலம் வாங்குவார். நிலத்தை விற்பது உள்ளூர் அரசு. அதன் வருமானத்தில் கணிசமான பகுதி இதில்தான் வந்தது. விலை ஏறும்வரை எல்லோருக்கும் கொண்டாட்டம்.

2020-ல் பில்டர்களின் கடனுக்கு பெய்ஜிங் வரம்பு விதித்ததும் பணம் சுற்றுவது நின்றது. 30,000 கோடி டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்த எவர்கிராண்டே 2021 டிசம்பரில் கடனைத் திருப்பத் தவறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. இன்னொரு பெரிய கம்பெனியான கன்ட்ரி கார்டனும் 2023-ல் கைவிரித்தது.

மாட்டிக்கொண்டவர்கள் வீடு வாங்கியவர்கள். 2022 ஜூன் இறுதியில், பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெஜென் நகரில், பாதியில் நின்ற குடியிருப்பின் உரிமையாளர்கள் 'வேலையைத் தொடங்காவிட்டால் தவணை கட்ட மாட்டோம்' என்று அறிவித்தார்கள். சில வாரங்களில் அது ஊர் ஊராகப் பரவியது. வேறு சில ஊர்களில் மின்சாரமும் லிஃப்டும் இல்லாத கட்டடத்திலேயே குடியேறி, தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். தவணையோடு வாடகையும் கட்ட யாரால் முடியும்? சேமிப்பில் பெரும்பகுதியை வீட்டில் போட்ட மக்கள், அதன் மதிப்பு இறங்குவதைப் பார்த்தால் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிக்கத்தான் செய்வார்கள்.

கேள்வி: அரசே மக்கள் கையில் பணம் கொடுத்தால் என்ன?

நலத்திட்டம் மிஞ்சினால் சோம்பேறித்தனம் வளரும் என்பது அதிபர் ஷி ஜின்பிங்கின் கருத்து. 2021-ல் கட்சி இதழிலேயே அது வெளியானது. (நம்மூர் 'இலவச' சண்டை நினைவுக்கு வருகிறதா?) ஆனால் கிராமத்து முதியவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் மாதம் சராசரியாக 200 யுவான் சொச்சம், நம் பணத்தில் 3,000 ரூபாய் தேறினால் அதிகம். பிள்ளைகள் சேர்த்து வைக்காமல் என்ன செய்வார்கள்? 2025-ல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 யுவான் அறிவித்தார்கள். நல்ல காரியம்தான், தொகை போதாது.

கேள்வி: படித்த இளைஞர்களுக்கு வேலை இல்லை என்பது உண்மையா?

உண்மை. 2023 ஜூனில் நகரங்களில் 16 முதல் 24 வயதுவரை உள்ளவர்களில் 21.3 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. அடுத்த மாதக் கணக்கை வெளியிடாமலே நிறுத்தினார்கள். மாணவர்களைக் கழித்துவிட்டு, 2024 ஜனவரியில் குறைந்த எண்ணோடு திரும்ப வந்தார்கள். ஆண்டுதோறும் 1 கோடிக்கு மேல் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். 2024 இறுதியில் நடந்த மத்திய அரசுப் பணித் தேர்வில் சுமார் 39,700 இடங்களுக்கு 34 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். குரூப் 4 எழுதிய வீடுகளுக்கு இதை விளக்க வேண்டாம்.

கேள்வி: மக்கள்தொகை குறைவதும் காரணமா?

இப்போதைக்குச் சிறிய காரணம், போகப்போகப் பெரியது. 2022 முதல் குறைந்து வருகிறது. ஆண்களின் ஓய்வு வயதை 60-லிருந்து 63-க்குப் படிப்படியாக உயர்த்தும் வேலை 2025-ல் தொடங்கிவிட்டது.

கேள்வி: சீனா தளர்ந்தால் இந்தியாவுக்கு லாபம்தானே?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளூரில் விற்காத சரக்கு எங்கே போகும்? 2024-ல் சீனாவின் வர்த்தக உபரி (இறக்குமதியை மிஞ்சிய ஏற்றுமதி) ஏறக்குறைய 1 லட்சம் கோடி டாலர். உலக உருக்கில் பாதிக்கு மேல் அங்கேதான் உற்பத்தியாகிறது. வீடு கட்டுவது நின்றதும் அந்த உருக்கு கப்பல் ஏறியது. 2024-ல் ஏற்றுமதி 11 கோடி டன். விலைப் போட்டி தாங்காமல் இந்தியா 2025 ஏப்ரலில் சில வகை உருக்கின் இறக்குமதிக்கு 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்பு வரி போட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராவது லாபக் கணக்கில் சேரும், சரி. ஆனால் உதிரி பாகங்களிலும் இயந்திரங்களிலும் கணிசமானவை சீனாவிலிருந்தே வருகின்றன. 2024-25-ல் சீனாவோடு நமக்கு இருந்த வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலர்.

கேள்வி (இலங்கை வாசகர்): கையில் பணம் குறைந்தால் சீனா எங்களுக்குக் கொடுத்த கடனில் விட்டுக்கொடுக்குமா?

அசலில் கை வைக்கும் பழக்கம் அவர்களுக்குக் குறைவு. 2024 ஜூனில் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி (எக்சிம்) வங்கியோடு முடிந்த சுமார் 420 கோடி டாலர் ஒப்பந்தத்திலும் கிடைத்தது கால அவகாசமும் வட்டிச் சலுகையும்தான். சொந்த உள்ளூர் அரசுகளுக்கும் அதே வைத்தியம்: 2024 நவம்பரில் அறிவித்த 10 லட்சம் கோடி யுவான் திட்டம், பழைய கடனைக் குறைந்த வட்டியில் புதுக் கடனாக மாற்றித் தருகிறது.