வேலி, தோட்டம், ஊர்: மூன்றும் ஒரே சொல்லா?

ஆங்கிலத்தில் 'டவுன்' என்றால் ஊர், ஜெர்மனில் 'ட்சவுன்' என்றால் வேலி, டச்சில் 'டொய்ன்' என்றால் தோட்டம், இது தற்செயலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை, மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். இந்த மூன்று மொழிகளுக்கும் தாயான பழைய ஜெர்மானிய மொழியின் 'தூன்' வேலியையும் வேலி அடைத்த இடத்தையும் குறித்தது. ஜெர்மன்காரர்கள் வேலியோடு நின்றுவிட்டார்கள், டச்சுக்காரர்கள் வேலிக்குள் இருந்த தோட்டத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார்கள், இங்கிலாந்திலோ அது பண்ணையாகி, கிராமமாகி, கடைசியில் நகரமாகவே வளர்ந்துவிட்டது. பிரைட்டன், கிங்ஸ்டன் என்ற இங்கிலாந்து ஊர்ப் பெயர்களின் வாலில் இருப்பதும் அதே சொல்தான். ஐஸ்லாந்தில் இன்றும் 'தூன்' என்றால் வீட்டை ஒட்டிய புல் வயல்.

சரி, ஜெர்மனில் மட்டும் ஏன் 'ட்ச'? தெற்கு ஜெர்மன் பேச்சு வழக்குகளில் தொடங்கிய மெய்யொலி மாற்றத்தில் சொல்லின் முதலில் வரும் 'ட' இப்படித் திரிந்தது. பத்துக்கு 'டென்' - 'ட்சேன்', நாக்குக்கு 'டங்' - 'ட்சுங்க' என்று பாருங்கள், வித்தியாசம்கூட ஒழுங்காக வருகிறது! உறவுக்கு அதுதான் உண்மையான சாட்சி, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

அப்புறம், இதேபோல் பொருள் பிரிந்துபோன இன்னொரு சொல் 'கிஃப்ட்'. ஆங்கிலத்தில் அது பரிசு, ஜெர்மனில் விஷம். 'கொடுப்பது' என்ற பொருள் 'கொடுக்கும் மருந்தளவு' ஆகி, பிறகு விஷமாகிவிட்டது. வரதட்சணைக்கான 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் மட்டும் பழைய பொருள் அப்படியே தங்கியிருக்கிறது.