பாத எரிச்சல் இருந்தால் நடக்கலாமா?

கேள்வி: பல வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இரண்டு பாதங்களிலும் எரிச்சல், மரமரப்பு. நடந்தால் வலி கூடுகிறது. நடைப்பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டாம், நடக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் புண் இருந்தால் மட்டும் அது ஆறும்வரை நடக்காமல், உட்கார்ந்தபடி கை, கால்களுக்குப் பயிற்சி செய்யுங்கள்.

சமதளத்தில் 5 நிமிடம், நாளுக்கு மூன்று வேளை நடந்து தொடங்குங்கள். பயிற்சிக்குப்பின் கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அந்த அளவு சரி. அப்படியே ஒரு வாரம் போனால் வேளைக்கு 1 அல்லது 2 நிமிடம் கூட்டுங்கள். இறங்காவிட்டால் பாதியாக்குங்கள். வலி குறைந்த நாளில் ஒரேயடியாக நடந்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. மரத்த பாதம் தடுமாறும் என்பதால், சுவரருகே நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை 10 முறை செய்யுங்கள்.

எரிச்சல் தணிய வெந்நீரில் காலை வைக்கவே கூடாது! சூடு உணராமல் தோல் வெந்துவிடும். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். காலணிக்குள் கைவிட்டுப் பார்த்தபின் போடுங்கள். இரவில் உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் புண் உண்டா என்று பாருங்கள்.

மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் இதே எரிச்சலைத் தரும். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புகையும் மதுவும் சர்க்கரை நோயால் கெட்ட நரம்பை மேலும் கெடுக்கும்.

ஒரு காலில் மட்டும் திடீரெனப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.